நாற்பத்திரண்டு றாத்தல் வார்த்தை

கொல்லம் ஆண்டு 1111 மீன மாதம் எட்டாம் தேதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, ஆரியசாலையில் அருமைநாயகத்தின் அரிசிக் கிடங்கில் நான்கு பேர் கூடினார்கள். கிடங்கின் சொந்தக்காரரான அருமைநாயகம் தராசுக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டியின் மேல் இருந்தார். சர்க்கார் கச்சேரியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் கடிதங்களுக்கு நகல் எடுத்து ஓய்வு பெற்ற சாம்பசிவய்யர், வாசற்படியில் தாம் கொண்டுவந்த பழைய பத்திரிகையை விரித்து அதன் மேல் இருந்தார். பாதி உடம்பு கிடங்குக்குள்ளும் பாதி தெருவிலுமாக, மடியில் துண்டில் சுற்றிய அகராதியோடு. சாக்குத் தைக்கும் தங்கபாய், தான் தைத்து அடுக்கிய சாக்குகளின் மேல் கோணி ஊசியும் சணல் நூலுமாக இருந்தாள். வண்டிக்காரன் வேலாயுதன் உட்காரவில்லை. தூணைச் சாய்ந்து நின்றான். கிடங்கில் நாற்காலி என்று ஒன்றே ஒன்று இருந்தது, அதுவும் தங்கபாய் வீட்டிலிருந்து அன்று தூக்கிவந்தது. அதில் யாரும் உட்காரமுடியாது. பதின்மூன்று வருஷமாக அதில் 'ஸாரி' என்ற இங்கிலீஷ் வார்த்தை இருந்தது.

வார்த்தையைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. ஆனால் அது இருக்கிறது என்பதில் சாலைக் கடைவீதியிலோ ஆரியசாலையிலோ யாருக்கும் சந்தேகம் கிடையாது. நாற்காலியின் பிரம்பு நடுவில் குழிந்திருக்கும். கையை நீட்டினால் கம்பளிக் கோட்டின் முழங்கையைத் தொட்டதுபோல் இருக்கும். மழைக்காலத்தில் நனைந்த தோல் பூட்ஸின் வாடை வரும். தினமும் மாலை நாலரை மணிக்கு ஓர் ஆண் குரலில், தொண்டையைச் செருமாமல், ஒரே ஒரு தடவை தன்னைத்தானே சொல்லிக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அடுப்புப் பற்றவைக்கும் வீடுகள் சந்தில் ஆறேழு இருந்தன.

அது வந்த விதம் இது. தங்கபாயின் கணவன் தாசையன் அருமைநாயகத்தின் மாட்டுவண்டியை ஓட்டிவந்தான். வாரம் ஒரு தடவை பொன்முடித் தேயிலை எஸ்டேட் ஒன்றுக்கு அரிசி ஏற்றிப் போவான். திரும்பும்போது தேயிலைப் பெட்டி ஏற்றி வருவான். பொன்முடி இறக்கத்தில் எந்த வண்டிக்காரனும் வண்டியில் உட்காரமாட்டான் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். மேலேயிருந்து அடிவாரம் தொடும்வரை பள்ளத்துப் பக்கச் சக்கரத்தை ஒட்டி நடப்பான். சக்கரத்தை அழுத்திப் பிடிக்கும் கட்டையின் கயிற்றை வலது மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, வளைவுக்கு வளைவு இழுத்துப் பிடித்துக்கொண்டே இறங்குவான். உட்கார்ந்தால் வண்டி மாட்டை முந்திவிடும். வண்டி ஓட்டியவர்களுக்கு இது தெரியும். மோட்டாரில் போகிறவர்களுக்குத் தெரிய அவசியமில்லை. 1098 மேட மாதம் எஸ்டேட்டின் சூப்ரண்டு கிரிம்ஷா துரை புதிதாக வாங்கிய மோட்டாரில் பின்னால் இறங்கிவந்து, ஒன்பதாவது வளைவில் ஹாரனை அடித்துத் தாசையனின் வண்டியை ஒதுக்கிக்கொண்டு கடந்துபோனார். மாடுகள் பள்ளத்துப் பக்கம் மிரண்டன. வண்டியும் மாடுகளும் பெட்டிகளும் போன வழியில் தாசையனும் போனான். கீழேயிருந்து தூக்கி வந்தபோது கயிறு மணிக்கட்டில் இரண்டு சுற்று அப்படியே இருந்தது. கத்தியால் அறுத்துத்தான் எடுத்தார்கள்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. துரை அரைப்பக்கம் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். அதில் முக்கியமான வரி, வண்டிக்காரன் வண்டியில் உறங்கிக்கொண்டிருந்தான் என்பது. முப்பது அடி பின்னால் இன்னொரு வண்டியோடு இறங்கிவந்த வேலாயுதனைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். தான் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றதாகவும் ஒன்றும் பார்க்கவில்லை என்றும் அவன் சொன்னான். அப்போது அவனுக்கு எஸ்டேட் வண்டி, எஸ்டேட் மாடு, எஸ்டேட் லயத்தில் குடியிருப்பு. காகிதத்தைக் கட்டி வைத்துவிட்டார்கள்.

தாசையன் செத்த பன்னிரண்டாம் நாள் மாலை நாலரை மணிக்கு துரை அவன் வீட்டைத் தேடி ஆரியசாலைச் சந்துக்குள் நடந்துவந்தார். மோட்டார் நுழையாத சந்து. வெள்ளைக்காரர் வருகிறார் என்றதும் பக்கத்து வீட்டிலிருந்து யாரோ பிரம்பு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். துரை உட்காரவில்லை. தொப்பியை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்குத் தமிழ் வரும். கொழுந்து எடை சொல்லவும் கங்காணியை வையவும் போதுமான தமிழை இருபது வருஷமாகப் பேசிவந்தவர். ஆனாலும் அன்று அந்த ஒரு இங்கிலீஷ் வார்த்தையை மட்டும் நாற்காலியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, தொப்பியை வைத்துக்கொண்டு போய்விட்டார். வார்த்தை போகவில்லை. பிரம்பு கிரீச்சிட்டுக் குழிந்தது. பக்கத்து வீட்டார் பிறகு நாற்காலியைத் திருப்பிக் கேட்கவே இல்லை.

துக்க வீட்டுக்கு ஒருவர் கொண்டுவந்து வைத்ததைத் திருப்பி அனுப்புவது அந்தச் சனங்களிடையே வழக்கமில்லை. பழமோ பன்னோ ஒரு படி அரிசியோ, வந்தது வந்ததுதான். தங்கபாய் வார்த்தையையும் அப்படியே வைத்துக்கொண்டாள். காலையில் நாற்காலியைச் சுற்றித் துடைப்பத்தால் தூத்தாள். சனிக்கிழமை சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்தாள். துரை குரல் ஆண்குரல் என்பதால் புடவை மாற்றும்போது நாற்காலியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். துக்கம் கேட்க வந்த அருமைநாயகம், வியாபாரி ஆனபடியால், அதை நாற்காலியோடு கிடங்குக்குத் தூக்கிவரச் சொல்லித் தராசில் வைத்து மூன்று தடவை நிறுத்தார். நாற்காலி போக நாற்பத்திரண்டு றாத்தல் இருந்தது. மறுவருஷம் கர்க்கடக வெள்ளத்தில் சந்தெல்லாம் இடுப்பளவு தண்ணீர் வந்து, பெட்டியும் பானையும் கட்டிலும் மிதந்தன. நாற்காலி மட்டும் வைத்த இடத்திலேயே தண்ணீருக்குள் நின்றது.

இதற்கிடையில் இன்னொரு வார்த்தை பிறந்துவிட்டது. இங்கிலீஷில் எழுதிய அந்த ஒரு வரி, கச்சேரியிலிருந்து வக்கீல் குமாஸ்தாக்கள் வாய் வழியாகச் சாலைக் கடைகளுக்கு இறங்கியது. ஆறு மாதத்துக்குள் வேலை நேரத்தில் கண்ணயர்வதற்கு அங்கே 'தாசையன் போடுதல்' என்று பெயர் வந்தது. மூட்டைக்காரர்கள் சொன்னார்கள், கணக்கர்கள் சொன்னார்கள், எந்தத் தாசையன் என்று தெரியாதவர்களும் சொன்னார்கள். 1101-இல் ஒரு மத்தியானம் தங்கபாய் கிடங்கில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்தபோது, மூட்டைமேல் படுத்துக் குறட்டைவிட்ட ஒருவனைப் பார்த்து அருமைநாயகம் கத்தினார்.

"ஏல, என்ன, தாசையன் போடுதியா? எந்திரில மூதி!"

சொன்ன பிறகுதான் ஊசி நின்றதைக் கவனித்தார். தங்கபாய் தலையைத் தூக்கவில்லை.

"எனக்க மாப்பிள உறங்கல்ல முதலாளி," என்றாள். "இறக்கத்துல எவனாவது ஒக்காருவானா? ஒமக்கு தெரியாதா?"

தெரியும். வண்டியே அவருடையது. அருமைநாயகம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு சாக்குத் தைக்கிற பொம்பிளையிடம் முதலாளி ஒருவர் அப்படிப்பட்ட நேரத்தில் என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை; அவர் அப்பா சொல்லி அவர் கேட்டதில்லை. மூன்றாம் நாள் அவர் தங்கபாய் வீட்டுக்குப் போய், துரையின் வார்த்தையை ஒரு மணி நேரத்துக்குத் தரமுடியுமா என்று கேட்டார். யாரிடம் சொல்ல என்று அவள் கேட்டதற்கு, உங்களிடம்தான் என்றார். அவள் ஒரு சாக்கை மடித்து இரட்டை அடி வைத்துத் தைத்து அதில் வார்த்தையை இறக்கிக் கொடுத்தாள். அவர் தெருமுனை வரை சுமந்துகொண்டு போய், திரும்பி வந்து, அவளிடம் அதைச் சொல்லி, நாற்காலியில் இறக்கிவைத்துவிட்டு, நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு லேசான மனசோடு கடைக்குப் போனார். அடுத்த வாரம் பழையபடி 'தாசையன் போடாதே' என்று ஒருவனை வைதார்.

அதுதான் முதல் கைமாற்று. பிறகு வார்த்தைக்குக் கிராக்கி வந்தது. முழத்தில் விரலைக் குறைத்த ஜவுளிக்கடைக்காரர் கொண்டுபோனார். சம்பந்தி வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டு உப்பில்லை என்று சொன்னவர் கொண்டுபோனார். நாலு வருஷம் பேசாதிருந்த இரண்டு சகோதரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒரே வார்த்தையை ஒரே நாளில் எடுத்துப்போய்ப் பேச்சைத் தொடங்கினார்கள். சாயங்காலம் வேறு விஷயத்தில் மறுபடி நிறுத்தினார்கள். கோட்டைக்குள் வாலாம்பாள் என்பவள் ஆள் அனுப்பி வாங்கி, மருமகளிடம் சொல்லிவிட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்துத் திருப்பி அனுப்பினாள். எல்லாரும் விளக்கு வைப்பதற்கு முன்னால் பத்திரமாகக் கொண்டுவந்து வைத்தார்கள். யாரும் சேதப்படுத்தவில்லை. ஆனால் 1103-இல் அருமைநாயகம் ஒரு சந்தேகத்தில் மறுபடி நிறுத்துப் பார்த்தபோது முப்பத்தொன்று றாத்தல் இருந்தது. 1106-இல் இருபது. 1109-இல் ஒன்பது. பிரம்பின் குழி நிமிர்ந்துகொண்டு வந்தது. நாலரை மணிக் குரலும் பக்கத்து வீட்டுச் சுவரைத் தாண்டவில்லை.

கைமாற்று வாங்கியவர்களில் ஒருவன் மட்டும் வேறு மாதிரி. 1104 ஆவணியில் வேலாயுதன் வந்து கேட்டான். எஸ்டேட் வேலையை விட்டு அப்போது அவன் சாலையில் சொந்தமாக ஒற்றை மாட்டுவண்டி வைத்திருந்தான். யாரிடம் சொல்ல என்று தங்கபாய் கேட்டாள். ஒரு ஆளிடம் என்றான். மூன்று நாள் வைத்திருந்தான். தினமும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு ஆரியசாலைச் சந்துவரை வந்து, அவள் வீட்டு வாசலைத் தாண்டி, அந்தப் பக்கம் போய்விடுவான். நாலாம் நாள் கொண்டுவந்து வைத்தான். "சொன்னியா?" என்று கேட்டாள். "பற்றல்ல அக்கா," என்றான். முடியவில்லை என்று அர்த்தம். அவன் கொண்டுவந்த அன்று மட்டும் வார்த்தை சற்றுக் கனத்திருந்ததாகத் தங்கபாய்க்குத் தோன்றியது. அவளிடம் தராசு இல்லை.

1109-க்குப் பிறகு அவள் கைமாற்றுக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். அது ஒன்றுமே இல்லாமல் போய்விட்டால் தன் புருஷன் உறங்கவில்லை என்பதற்கு உலகத்தில் மிச்சம் எதுவும் இருக்காது என்பது அவள் பயம். ஒருவர் பன்னிரண்டாம் நாள் நடந்துவந்து சொன்ன வார்த்தை அது. உறங்கி விழுந்தவனின் வீட்டுக்கு எதற்கு வந்து சொல்கிறார்? ஆனால் கைமாற்றை நிறுத்தியும் பிரயோஜனம் இல்லை. அதற்குள் கடைவீதியே அந்த வார்த்தையைச் சொந்தமாகச் சொல்லப் பழகிவிட்டது. கால் பட்டால் ஸாரி, குடை இடித்தால் ஸாரி, சில்லறை இல்லையென்றால் ஸாரி. ஒவ்வொன்றுக்கும் நாற்காலி ஒரு நூலளவு நிமிர்ந்தது.

மறுபக்கம் பொன்முடியில் கிரிம்ஷா துரைக்கு வேறு சங்கடம். அந்த மாலைக்குப் பிறகு அவரிடம் அந்த வார்த்தை இல்லை. கிளப்பில் ஒரு துரைசானியின் கால்மேல் காலை வைத்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார் என்றும், காற்றுதான் வந்தது என்றும், அந்த அம்மாள் காத்திருந்து பார்த்துவிட்டு எழுந்துபோனாள் என்றும் வண்டிக்காரர்கள் சொன்னார்கள். பதின்மூன்று வருஷத்தில் அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்து, கடைசியில் நாயோடு சாப்பிட்டார். 1111 மீனம் பிறந்ததும் அவர் வேலையை விட்டுச் சீமைக்குத் திரும்புகிறார், பதின்மூன்றாம் தேதி வியாழக்கிழமை மலையிறங்கிக் கொச்சியில் கப்பல் ஏறுகிறார் என்று செய்தி வந்தது. தங்கபாய் அன்றே அருமைநாயகத்திடம் போனாள்.

"முதலாளி, அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்கு இப்பம் தெரியணும். தப்பு எனக்கதுன்னு அவரு சொன்னதா அது? ஆமான்னா, அந்த உறங்கின வரியை அவரே மாத்தி எழுதட்டும். அவரு கப்பல் ஏறிட்டா பின்ன நான் யாருகிட்ட போவேன்?"

அதனால்தான் சாம்பசிவய்யர் அகராதியோடு அழைக்கப்பட்டார். அவர் முறைப்படி செய்கிறவர். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பக்கத்தைக் கண்டுபிடித்து, விரலை வைத்துக்கொண்டு, நாற்காலியைப் பார்த்துக் கொஞ்சம் உரக்கப் படித்தார். ஒவ்வொரு அர்த்தத்துக்கும் நாற்காலி என்ன செய்கிறது என்று மற்ற மூவரும் கவனிக்க வேண்டியது ஏற்பாடு.

"ஒண்ணு. மனஸ்தாபப்படறது. நடந்ததுக்கு வருத்தம்." நாற்காலி பேசாமல் இருந்தது.

"ரெண்டு. பரிதாபம். அடுத்தவா கஷ்டத்தைப் பார்த்து ஐயோன்னு சொல்றது." ஒன்றும் இல்லை.

"மூணு. கேவலமான நிலைமை. ஒரு வீடு இடிஞ்சு கெடந்தா அதுக்கும் இந்த வார்த்தையைப் போடறான்."

"அது எதுக்கு சாமி?" என்றார் அருமைநாயகம்.

"போட்டிருக்கு, படிக்கறேன். நாலு. காது கேக்கலேன்னா மறுபடி சொல்லுங்கோங்கறதுக்கு. அஞ்சு. முடியாதுங்கறதை மரியாதையா சொல்றதுக்கு. கச்சேரியிலே முப்பது வருஷம் நான் நகல் எடுத்ததெல்லாம் இந்த அஞ்சாவதுதான் ஓய்."

நாற்காலி எதற்கும் அசையவில்லை. தங்கபாயின் முகம் வாடிவிட்டது. அருமைநாயகம் சும்மா இருக்கமாட்டாமல், இது வாய்க்கு வந்ததுக்கெல்லாம் வளைகிற வார்த்தை, இதைக் கொண்டு ஒன்றும் நிரூபிக்க முடியாது என்றார். சாம்பசிவய்யர் கையைக் காட்டி நிறுத்தினார். இன்னும் ஒன்று பாக்கி, அடியில் பொடி எழுத்தில் பூர்வீகம் போட்டிருக்கிறது என்றார். ஸாரி என்பது துக்கம் என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தையின் உறவுக்காரன்போல் தோன்றும். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு குடும்பம், பக்கத்தில் பக்கத்தில் இருந்து இருந்து ஒரு சாயல் வந்துவிட்டது. ஆதியில் அது வந்தது இன்னொரு வீட்டிலிருந்து. அங்கே அதற்கு அர்த்தம்,

"புண்."

நாற்காலி கிரீச்சிட்டது. நாலு காலும் தரையில் அழுந்தி நின்றன. தராசுத் தட்டு லேசாக ஆடியது.

"அப்ப இது புண்ணு," என்றாள் தங்கபாய்.

"புண் உள்ளவன்னு அர்த்தம். சொல்றவனுக்கு உள்ளே புண் இருக்குன்னு. அதுதான் முதல்லே இருந்தது. மத்ததெல்லாம் பின்னாடி ஒட்டிண்டது." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நான் ஒண்ணு கேக்கட்டுமா? அந்த மனுஷனுக்குத் தமிழ் தெரியுமே. ஏன் இங்கிலீஷ்லே சொன்னான்? தமிழ்லே சொல்லியிருந்தா எதுக்குன்னு சேர்த்துச் சொல்லணும். இதுலே அது வேண்டாம். வெச்சுட்டுப் போயிடலாம்."

தங்கபாய் நாற்காலியைப் பார்த்தாள். பதின்மூன்று வருஷம் தூத்துத் துடைத்த நாற்காலி.

"எனக்க புண்ணு எனக்கிட்டதான் இருக்கு," என்றாள். "இது அவருக்கது. சுமக்க மாட்டாம இங்க எறக்கி வச்சிட்டுப் போயிருக்காரு. நான் ஒரு பைத்தியம், அதுக்குப் போர்வை போட்டேன்."

தூணருகே நின்ற வேலாயுதன் அப்போதுதான் வாயைத் திறந்தான். தலையில் கட்டியிருந்த தோர்த்துத் துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, அன்னைக்கு நான் இதை வாங்கிட்டுப் போனது ஒங்ககிட்ட சொல்லத்தான். ஒங்க சாமானை ஒங்களுக்கே எப்படிக் கொடுக்க? அதான் பற்றல்ல." அவன் நிறுத்தி, பிறகு ஒரே மூச்சில் சொன்னான். "நான் வளைவுக்கு அப்புறம் ஒண்ணும் நிக்கல்ல. பின்னாலதான் வந்தேன். தாசையண்ணன் நடந்துதான் போனாரு. கயிறு கையில இருந்தது. மோட்டார் ஹாரன் அடிச்சு ஒதுக்கிட்டுப் போனதை ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். பாக்கல்லேன்னு சொன்னேன். எஸ்டேட்டு வண்டி போயிடும்னு பேடிச்சிச் சொன்னேன். அவ்வளவுதான்."

நாற்காலியின் பிரம்பில் ஓர் இழை அறுந்தது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. தங்கபாய் கோணி ஊசியில் சணல் நூலைக் கோத்தாள். முதல் தடவையிலேயே நூல் காதில் நுழைந்துவிட்டது.

"இப்பம் அந்த இங்கிலீஷ் ஒனக்கு வேண்டாமாடா?"

"வேண்டாம் அக்கா."

"அப்ப ஒக்காரு. பதிமூணு வருசமா எனக்க முன்னாடி நின்னுக்கிட்டே இருக்கே. பாத்து பாத்து எனக்குக் கால் வலிக்குது."

வேலாயுதன் தரையில் உட்கார்ந்தான். துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவில்லை. அருமைநாயகம் தராசின் படிக்கற்களை அவசியமில்லாமல் அடுக்கிவைத்தார்.

கடிதம் எழுதுவதில் சிறு தகராறு வந்தது. சாம்பசிவய்யர் வழக்கம்போல் இங்கிலீஷில், மிகத் தாழ்மையுடன் என்று தொடங்கப் பேனாவை எடுத்தார். தங்கபாய் ஒத்துக்கொள்ளவில்லை. இங்கிலீஷில் எழுதினால் அவர் இங்கிலீஷுக்குள்ளேயே புகுந்து தப்பித்துக்கொள்வார், தமிழிலேயே எழுதுங்கள், வையத் தெரிந்தவருக்கு வாசிக்கவும் தெரியும் என்றாள். அய்யர் எழுதிக்கொண்டார். எழுதியது இவ்வளவு:

'பொன்முடி எஸ்டேட் சூப்ரண்டு கிரிம்ஷா துரை அவர்களுக்கு, ஆரியசாலை தாசையன் பெண்சாதி தங்கபாய் எழுதிக்கொண்டது. 1098 மேட மாதம் எங்கள் வீட்டில் தாங்கள் வைத்துவிட்டுப் போன வார்த்தை இத்துடன் வருகிறது. இடையில் சிலருக்குக் கொடுத்து வாங்கியதில் தேய்ந்திருந்தது, இன்று சரியாகிவிட்டது. இது தங்களுடையது என்பது இன்றுதான் தெரிந்தபடியால் தாமதம். இதற்குப் பதிலாக எங்களுக்கு ஒரு வரி வேண்டும். தாசையன் நடந்துகொண்டிருந்தான் என்று தாங்கள் கைப்பட எழுதி, கையெழுத்து வைத்து, கப்பல் ஏறுமுன் கச்சேரிக்கு ஒன்றும் எங்களுக்கு ஒன்றும் அனுப்பவேண்டும். அதை எழுதின பிறகு இந்த வார்த்தையைத் தாங்கள் நேரில் வந்து சொல்லலாம். நாற்காலி இருக்கிறது.'

கீழே தங்கபாய் கையெழுத்துப் போட்டாள். 'பார்த்த சாட்சி' என்று எழுதிய இடத்தில் வேலாயுதன் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தான். அய்யர் இரண்டு நகல் எடுத்தார், பழக்கம் விடவில்லை. காகித உறை தாங்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததால், தங்கபாய் புதுக் கித்தான் துணியில் முழ நீளத்துக்கு ஓர் உறை தைத்தாள். கடிதத்தை முதலில் வைத்து, பிறகு நாற்காலியைச் சாய்த்து வார்த்தையை அதற்குள் இறக்கினார்கள். பிரம்பு நிமிரவில்லை; நடுவில் பொத்தென்று அறுந்து ஓட்டையாகிவிட்டது. வாயை இரட்டைத் தையல் போட்டு மூடி, அருமைநாயகம் அரக்கைக் காய்ச்சி ஐந்து இடத்தில் ஊற்றி, கடை முத்திரையை வைத்து அழுத்தினார். அதன் பிறகு உறையை வேலாயுதன் வண்டியில் ஏற்றிக்கொண்டு நால்வரும் அஞ்சலாபீசுக்குப் போனார்கள். கோட்டை வாசல் இறக்கம் வந்ததும் வேலாயுதன் குதித்து இறங்கி, மாட்டோடு நடந்தான்.

அஞ்சல் மாஸ்டர் அனந்தபத்மநாபன் உறையைக் கடிதத் தராசில் வைத்தார். தட்டு மேஜையில் இடித்தது. பார்சல் தராசுக்கு மாற்றினார். நாற்பத்திரண்டு றாத்தல். அருமைநாயகம் முள்ளைக் குனிந்து பார்த்து, மறுபடி ஒரு தடவை வைக்கச் சொன்னார். மறுபடியும் நாற்பத்திரண்டுதான்.

"உள்ளே எந்தா?" என்றார் மாஸ்டர், பதிவுப் புத்தகத்தில் பேனாவை வைத்துக்கொண்டு.

"ஒரு வார்த்தை," என்றாள் தங்கபாய்.

"உடையுமோ?"

"உடையாது. கனக்கும்."

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். முன்பக்கத்தில் இடம் போதாமல் அஞ்சல்தலைகளைப் பின்பக்கமும் ஒட்டி, ஒவ்வொன்றின் மேலும் சீல் குத்தி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார். பொன்முடிப் பையைக் கொண்டுவரச் சொன்னார். பைகளின் மேல் ஒரு கூலியாள் வாயைப் பிளந்து படுத்திருந்தான். அருமைநாயகத்துக்கு வாய் முந்திக்கொண்டது. 'தா' என்ற எழுத்து நாக்கு நுனிவரை வந்ததைத் தங்கபாயும் பார்த்தாள். அவர் அதை விழுங்கினார். விழுங்கும்போது அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஏல," என்றார். "உறங்காத. எந்திரி."

பதின்மூன்று வருஷத்துக்குப் பிறகு சாலைக்காரர் ஒருவர் வாயில் உறங்குவதற்கு உறங்குவது என்ற பெயரே வந்தது. தங்கபாய் ரசீதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மூன்று மணிக்கு அஞ்சலோட்டக்காரன் பையைத் தோளில் ஏற்றினான். இடது தோளுக்குச் சரிப்படாமல் வலது தோளுக்கு மாற்றி, மணி கட்டிய கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டிப் புறப்பட்டான். அன்று நாலரை மணிக்கு ஆரியசாலைச் சந்தில் ஆறேழு வீடுகளில் அடுப்புப் பற்றத் தாமதமாயிற்று. அதே நேரம், பேரூர்க்கடை தாண்டி நெடுமங்காடு ரோட்டில், முத்திரையிட்ட பைக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் தொண்டையைச் செருமாமல் அந்த வார்த்தையைச் சொன்னது. அஞ்சலோட்டக்காரன் நிற்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

"எனக்கிட்ட எதுக்கு?" என்றான். "அங்க போயி சொல்லு."

கோலை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நடந்தான்.